பூசணி விதை எண்ணெய்

பதினேழு. கையில் கொடுத்திருக்கிற பிளாஸ்டிக் வில்லையில் பதினேழு என்றுதான் போட்டிருக்கிறது. இப்போது உள்ளே போயிருப்பது பதிமூன்று. இன்னும் மூன்று பேர் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து தங்கள் மூளையைப் பற்றிக் கவலைப்பட்டு முடித்த பிறகுதான் ஆவுடையைக் கூப்பிடுவார்கள். மூளை என்று ஒன்று இருந்தால்தானே கவலைப்படுவதற்கு. சுவரில் தொலைக்காட்சி ஓடுகிறது, சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு ஆள் வல்லாரைக் கீரைக் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயை அசைக்கிறான், அதை எட்டுப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், காதில் விழாவிட்டாலும் நம்புவார்கள் போலிருக்கிறது. அதற்குக் கீழே கண்ணாடித் தொட்டி. நரம்பு டாக்டர் வாசலில் மீன் வளர்த்தால் நோயாளிக்கு மனம் அமைதியாகும் என்று எவனோ சொல்லியிருப்பான். நான்கு மீன்கள், தட்டையாக, முக்கோணமாக, மேலும் கீழும் நீண்ட துடுப்புகளோடு, உடம்பில் கறுப்புப் பட்டை. ஏஞ்சல் மீன் என்று ஊரே சொல்லும். நான் ஊர் இல்லை. முப்பத்துநாலு வருஷம் பாளையங்கோட்டையில் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். இதற்கு முறையான பெயர் உண்டு, லத்தீன் பெயர், ‘ப்டெ’ என்று ஆரம்பிக்கும். இல்லை, அது பெரணிச் செடி. நாக்கு நுனியில் நிற்கிறது. அந்தக் கீரைக்காரனை நிறுத்தினால் வந்துவிடும்.

ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் மாமா மகள், ஐம்பது வருஷமாக என் மனைவி. மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள், யாரோ பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதுபோல. அதில் என்ன இருக்கப்போகிறது, ஒரு கைக்குட்டை, கோயில் குங்குமம், எப்போதோ காய்ந்துபோன எலுமிச்சம்பழம். பாவம். அவளுக்குத்தான் மறதி. அவளே வந்து சொன்னாள், இரண்டு மாதத்துக்கு முன்னால், காப்பி டம்ளரை வைத்துவிட்டு, “அத்தான், எனக்கு மறதியா இருக்கு, டாக்டர்ட்ட போணும், நீங்க கூட வருவீங்களா?” என்றாள். வருவீங்களாவாம். நான் வராமல் யார் வருவார்? அட்லாண்டாவில் இருக்கிற மகன் குமரேசனா? நான் உடனே கிளம்பவில்லை என்பது உண்மைதான். முதலில் இங்கிருக்கிற டாக்டர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இரண்டாவது, அவள் சொன்ன அன்றைக்கு என் முகம் போன போக்கை அவளுக்குக் காட்டக்கூடாது என்று செய்தித்தாளை விரித்துவிட்டேன். பயம்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது, நான் பயந்துபோனேன்.

பயந்ததால்தான் அந்தப் புட்டியை எடுத்தேன். இல்லாவிட்டால் அதை நான் தொட்டிருப்பேனா? நாலு வருஷத்துக்கு முன்னால் என் இதயத்தில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது, ஸ்டென்ட் வைத்தார்கள், அதோடு முடிந்தது விஷயம். ஆனால் குமரேசன் விடுவானா? பெட்டி பெட்டியாக வந்தது மீன் எண்ணெய். உருண்டைப் புட்டி, உள்ளே தேன் நிறத்தில் இவ்வளவு பெரிய மாத்திரைகள், குதிரைக்குக் கொடுக்கலாம். “அப்பா, ஹார்ட்டுக்கும் நல்லது, பிரெயினுக்கும் நல்லது, இங்க எல்லாரும் சாப்பிடுறாங்க.” எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்பது ஒரு காரணமா? இவனை நான்தான் படிக்கவைத்தேன் என்று வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிழடுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மீன் எண்ணெய், ஒரு கூட்டத்துக்கு வேறு வெறும் எண்ணெய் என்று வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி மறந்தது. இதயத்துக்கும் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை, அளவு கூடினால் சிலருக்குத் துடிப்பு தாளம் தப்புகிறது, அதுதான் கண்ட பலன். இதைக் காலையில் ஸ்டேடியத்தில் நடக்கிற கூட்டத்திடம் சொன்னேன். ரிட்டயர்டு பேங்க் மானேஜர் சாம்பசிவம் இருக்கிறானே, கையை வீசி வீசி நடப்பான், முன்னால் வருகிறவன் மூக்கு உடைய வேண்டும், அவன் சொல்கிறான், “சார், நான் ஆறு மாசமா சாப்பிடுதேன், சின்ன வயசு சங்கதியெல்லாம் ஞாபகம் வருதுல்லா.” சின்ன வயசு சங்கதி ஞாபகம் வருவதுதானப்பா வியாதி, நேற்றைய சங்கதி வருகிறதா என்று கேட்டேன். அன்றிலிருந்து அவன் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறான்.

ஆனால் ஆவுடைக்குக் கொடுத்தேன். இவ்வளவும் தெரிந்தவன் கொடுத்தேன். வீட்டில் என் புத்திக்கு எட்டிய எல்லாவற்றையும் தேடிப் பார்த்தபின் வேறு ஒன்றும் அகப்படவில்லை, அலமாரியில் அதுதான் இருந்தது. மனிதன் எவ்வளவு கேவலமானவன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அவளோ சைவம், வெங்காயம்கூடச் சஷ்டிக்கு விலக்குகிறவள், முட்டை போட்ட கேக் என்று தெரியாமல் ஒருமுறை தின்றுவிட்டு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளிடம் மீன் என்று சொல்ல முடியுமா? சத்து மாத்திரைப் புட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் மாற்றிப் போட்டேன். “என்னது இது?” என்றாள். “பூசணி விதை எண்ணெய், மூளைக்கு நல்லது” என்றேன். வாய் கூசாமல் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், மாத்திரையைப் பார்த்தாள், தண்ணீரை எடுத்து விழுங்கினாள், அவ்வளவுதான். எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாள் என்று எனக்குக் கஷ்டமாகக்கூட இருந்தது. பிறகு நான் எனக்கே சொல்லிக்கொண்டேன், காய்ச்சலுக்குத் தின்கிற கேப்ஸ்யூலின் கூடே மாட்டெலும்பில் செய்ததுதான், இந்த ஊர்ச் சைவர்கள் எத்தனை வருஷமாக அதை விழுங்கிவிட்டுத் திருநீறு பூசிக்கொள்கிறார்கள், அதில் இது என்ன பெரிய பாவம்.

பதினான்கு உள்ளே போகிறது. போகிறவர் செருப்பை இங்கே விட்டுவிட்டு அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறார். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்.

ஏஞ்சல் மீன். சிக்லிட் குடும்பம், தென் அமெரிக்கா, அமேசான் ஆறு, முட்டையை இலையில் ஒட்டவைத்துத் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காக்கும், இவ்வளவும் வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை. ஸ்கோலியோடான் வருகிறது. சுறா. எப்படி வராமல் இருக்கும், வருஷத்துக்கு ஐம்பது சுறாவை அறுத்திருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும், மண்டையைச் சீவி மூளை நரம்புகளைப் பையன்களுக்குக் காட்ட வேண்டும். பத்து ஜோடி நரம்பு, வெள்ளை நூல் மாதிரி. சைவப் பிள்ளை மீனறுக்கிறான் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாமா மட்டும், படிப்புக்குத் தோஷமில்லை என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்தார். கொடுத்த பெண்ணோ வந்த முதல் வாரமே சட்டம் போட்டுவிட்டாள். லேப் இருக்கிற நாளில் முன்வாசல் வழியாக வரக்கூடாது, பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போக வேண்டும், அங்கே எனக்கென்று ஒரு தனி வாளி, தனித் துண்டு, தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்கலாம். சட்டையை எலுமிச்சைத் தோல் போட்டுத் தனியாக ஊறவைப்பாள். மூக்கைத் தூக்கி மோந்து பார்த்து, “இன்னும் போகலை” என்பாள். திரும்பவும் அலசுவாள். முப்பத்துநாலு வருஷம். கல்லூரி முதல்வருக்கே பயப்படாதவன் ஈரத் தலையோடு சொந்த வீட்டுப் பின்வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டிருக்கிறேன். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது அந்த வாளியைக் கொண்டுவந்து வைத்து, அவள் அதேமாதிரி மிரட்டினால், நான் பத்துத் தடவைகூடக் குளிப்பேன்.

ஏனென்றால் அவள் மிரட்டுவதே இல்லை இப்போது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. எதற்கும் சரி அத்தான், சரி அத்தான். வீட்டுச் சாவி ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் கிடந்தது, கத்தரிக்காய்க்கு நடுவில். இதென்ன என்று கேட்டால், “நான் வைக்கலையே” என்றாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வச்சிருப்பேன்” என்றாள். அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்துவிட்டது. பூஜையிலிருந்து ஓடிவந்து அணைத்தாள், “நீங்கதானே சூடு பண்ணணும்னு...” என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை பாருங்கள். ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், முன்பெல்லாம் இதைச் சொல்லியாச்சு என்று வெட்டுவாள், இப்போது ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறாள், அந்தச் சாம்பசிவம் கதைக்கு அதே இடத்தில் சிரிக்கிறாள். எல்லாவற்றையும்விட மோசம் இந்த மாத்திரை. காலையில் புட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனால், “இப்பத்தானே குடுத்தீங்க” என்கிறாள். நேற்றுக் கொடுத்ததை இன்றைக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறாள். நான் வாதாடுவதில்லை. உள்ளங்கையை நீட்டச் சொல்லி வைத்துவிடுவேன். “சரி அத்தான்” என்று வாங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்க உள்ளே போவாள். வயதான காலத்தில் பிடிவாதம் இல்லாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

எதிர்வரிசையில் ஒரு பெண் தன் அப்பாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். அவருக்கு எண்பது இருக்கும், வேட்டி ஒருபக்கம் இறங்கியிருக்கிறது. “அப்பா, உள்ள கேப்பாங்க, ஞாபகம் வச்சுக்கிடுங்க, இன்னைக்கு புதன்கிழமை, என்ன? புதன். இது ரெண்டாவது மாடி. எங்க சொல்லுங்க பாப்போம்?” அவர் “ரெண்டாவது புதன்” என்கிறார். எனக்குக் கொதிக்கிறது. இதற்குப் பெயர் என்ன? காப்பி அடிப்பது. தேர்வுக்கூடத்தில் நான் நடந்தால் ஒருவன் தலையைத் திருப்ப மாட்டான். முழங்கையில் எழுதிக்கொண்டு வந்தவனை, பக்கத்துப் பையன் உதட்டைப் பார்த்து எழுதினவனை, எத்தனை பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன், மந்திரி சொந்தக்காரன் ஒருவனையும் சேர்த்து. உதட்டைப் பார்த்து எழுதுகிறவனைப்போல அற்பப் பயல் உலகத்தில் கிடையாது, தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மானமில்லை, படிக்கவும் முதுகெலும்பில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

“ஏம்மா, டாக்டரை ஏமாத்தி என்ன ஆகப்போகுது? அதுவும் சொல்லிக்கொடுக்கிறதைச் சரியாச் சொல்லிக்கொடு. இன்னைக்குச் செவ்வாய்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “புதன்தான் சார்” என்றாள். குரலில் மரியாதை இருந்தது, கண்ணில் வேறு ஏதோ இருந்தது. நான் ஆவுடை பக்கம் திரும்பி, “செவ்வாய்தானே?” என்றேன். அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே, “புதன், அத்தான்” என்றாள், மெதுவாக. அடடா. இவளுக்கு நாள்கூடத் தெரியவில்லை. சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் புதன் என்றுதான் இருக்கிறது. ஒரு தாளைக் கூடுதலாகக் கிழித்துவிட்டிருக்கிறார்கள், வேறென்ன, இந்த மாதிரி இடத்தில் வேலை பார்ப்பவர்கள் எப்படி இருப்பார்கள். இப்படிப்பட்ட காலண்டரைப் பார்த்துத்தான் நோயாளிகளுக்குப் புத்தி குழம்புகிறது. எழுந்துபோய்ச் சொல்லலாம் என்று பார்த்தேன், ஆவுடை என் முழங்கையில் கை வைத்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பதினேழைக் கூப்பிட்டார்கள். பதினைந்தும் பதினாறும் எப்போது போனார்கள் என்று நான் கவனிக்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பெனிட்டா சின்னப் பெண், முப்பத்தைந்து இருக்கும், மேஜையில் பிளாஸ்டிக் மூளை ஒன்றை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தாள், சிறுமூளையைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். நான் ஆவுடையைத் தோளைப் பிடித்து மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கப் போனேன். அவள் நழுவிச் சுவரோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எந்த நாற்காலி என்றுகூடத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மேஜைப் பக்கம் நான் உட்கார்ந்தேன்.

“வேற என்னென்ன மருந்து போகுது?” என்றாள் டாக்டர்.

“இவளுக்குப் பிரஷர் மாத்திரை ஒண்ணு. அப்புறம் பூசணி விதை எண்ணெய்” என்றேன்.

“மீன் எண்ணெய்” என்றாள் ஆவுடை.

ஆவுடை கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டை இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்து மூடியைத் திறந்தாள். அந்த வாடை வந்தது. டப்பா நிறைய, தேன் நிறத்தில், வெயிலுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மாத்திரைகள்.

“முப்பத்துநாலு வருஷம் இவுக சட்டையைத் தொவச்சிருக்கேன், டாக்டரம்மா. நான் சைவம், இந்த வாடை முத நாளே தெரிஞ்சுட்டு. காலைல எந்திரிச்சதும் ஒண்ணு குடுப்பாக, அதை முழுங்கிருவேன். ஒரு மணி நேரம் கழிச்சு திரும்பக் கொண்டாந்து குடுப்பாக. சில நாள் மூணாவதும் வரும். ரெண்டாவதுலேர்ந்து எல்லாத்தையும் இதுல போட்டுருவேன். இவுக ஃபிரிட்ஜுல சாவியை வைக்காக, பாலை வச்சுட்டு மறந்துருதாக. நேரா சொன்னா ஏத்துக்கிட மாட்டாக. எனக்கு மறதின்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்.”

“சைவம்னு சொல்லுறீங்களே, தெரிஞ்சும் ஏன்மா சாப்பிட்டீங்க? இதுல ஞாபகம் கூடும்னு நிரூபணம் ஒண்ணும் இல்லையே” என்றாள் டாக்டர்.

“கூடாதுன்னு இவுகளும்தான் ஊரெல்லாம் சொல்லுவாக. ஆனா என் கையில வச்சுட்டு, கீழ விழுந்திராம விரலையும் இவுகளே மடக்கிவிடுவாக. எனக்கு என்னமும் ஆயிரும்னு பயப்படுதாக. அதை எப்படி வேண்டாம்னு சொல்ல?”

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இவளுக்குத்தான் மறதி, இவள் கற்பனை செய்கிறாள், இந்த வியாதியில் அப்படித்தான் கதை கட்டுவார்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் டப்பா அங்கே இருந்தது. அதிலிருந்த ஒவ்வொன்றும் நான் கொடுத்தது, கொடுத்த ஞாபகம் எனக்கு ஒன்றுகூட இல்லை. வெளியே காலண்டரில் புதன். அந்தப் பெண்ணின் கண்ணில் இருந்தது இரக்கம். சாம்பசிவம் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது கோபத்தினாலா, ஒரே கதையைத் தினமும் கேட்க முடியாமலா? ஆவுடை சிரித்தாளே, அதே இடத்தில், எத்தனை தடவை. எனக்கு ஆத்திரம் வந்தது, இந்தப் பெண்கள் இரண்டு பேர் மேலும், மேஜையில் பிளந்துகிடக்கிற அந்த மூளை மேலும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த டப்பாவை இத்தனை நாள் பார்க்காத என் மேலும்.

டாக்டர் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். ஆவுடை ஸ்டென்ட் வைத்ததையும் சொன்னாள். இதயக்குழாயில் அடைப்பு வந்தவர்களுக்கு மூளைக்குப் போகிற சின்னக் குழாய்களையும் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஏதேதோ சொன்னாள். பிறகு, “சார், மூணு வார்த்தை சொல்லுறேன், கொஞ்சம் கழிச்சுத் திரும்பக் கேப்பேன்” என்றாள். சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். எண்பத்தாறு வரை வந்து கோபித்துக்கொண்டேன். கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன். இது நர்சரிப் பள்ளியா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

“இப்போ அந்த மூணு வார்த்தை, சார்?”

“சாவி” என்றேன். அது உடனே வந்தது. “வாழைப்பழம்.” அதுவும் வந்தது. மூன்றாவது வரவில்லை. ப்டெரோஃபில்லம் வந்தது. ஏஞ்சல் மீனின் பெயர், முழுசாக, தெளிவாக, யாருக்கும் வேண்டாத நேரத்தில். மூன்றாவது இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, தொட்டித் தண்ணீர்தான் இருந்தது. டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம், அதுதான் மானமுள்ளவன் செய்வது. நான் சுவரோரம் திரும்பினேன்.

ஆவுடை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லாமல், டாக்டருக்குத் தெரியாமல், அவள் உதடு அசைந்தது. எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக அசைத்தாள்.

“குடை” என்றேன்.